படித்திருந்தால் இடமில்லை!

நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லலாம். அமெரிக்காவிலோ முதலில் ஒரு பட்டம் பெறவேண்டும். அது வரலாறாகவும் இருக்கலாம், இசையாகவும் இருக்கலாம். ஆயினும் உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், பௌதிகம் ஆகியவற்றை ஆய்வகப் பயிற்சியுடன் பயின்றிருத்தல் வேண்டும். எம்கேட் தேர்வும் எழுதவேண்டும்.

முப்பது வயது வக்கீல் ஒருவருக்கு மருத்துவராகும் ஆசை பிறந்தால் என் செய்வார்? அத்தகையோர்க்கென்றே பிரின் மார், கூச்சர் கல்லூரிகளில் ஏறத்தாழ ஓராண்டுப் படிப்பு உண்டு. அதன் தகுதி விதிதான் வேடிக்கை. பட்டமும் நல்ல மதிப்பெண்ணும் வேண்டும். ஆனால் மேற்கண்ட பாடங்களைக் கல்லூரியில் முன்பே முடித்திருக்கக் கூடாது! நம் பி.எஸ்சி. வேதியியல் மாணவருக்கு அங்கே கதவு திறப்பது அரிது, பி.ஏ. வரலாற்று மாணவருக்குத் திறக்கலாம்.

விஞ்ஞானம் படித்தும் மதிப்பெண் குறைந்தவர்க்கு உள்ளவை வேறு வகைப் படிப்புகள். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் விண்ணப்பத்தை மாற்றி அனுப்பி ஏமாறக்கூடாது. கட்டணமோ மிக அதிகம். படித்து முடித்தாலும் மருத்துவக் கல்லூரியில் இடம் உறுதியில்லை.