முப்பது நாள் அறிவித்தல்: ஊவா மலைநாட்டில் இரண்டாவது நிக்காஹ்

ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்தில் மனைவியோடு வாழும் முஸ்லிம் ஆண் ஒருவர் இன்னொரு பெண்ணையும் மணக்க நினைத்தால், சட்டம் அவரிடம் கேட்பது ஓர் அறிவித்தலைத்தான். திருமணத்துக்குக் குறைந்தது முப்பது நாளுக்கு முன் அவர் தம் பகுதிக் காதியாருக்கும் (முஸ்லிம் விவாக, விவாகரத்து விடயங்களை விசாரிக்கும் நீதிபதி), மனைவி இருக்கும் பகுதியின் காதியாருக்கும், வரப்போகும் பெண் இருக்கும் பகுதியின் காதியாருக்கும் தெரிவிக்க வேண்டும். அதன் பிரதி ஜும்ஆப் பள்ளிவாசல்களில் பார்வைக்கு வைக்கப்படும். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

அதற்கு மேல் அந்தப் பிரிவு எதையும் கேட்கவில்லை. கடை வருமானத்தில் இரண்டு குடும்பம் ஓடுமா, பிள்ளைகள் எத்தனை பேர், முதல் மனைவிக்குச் சம்மதமா என்றெல்லாம் விசாரித்து, "முடியாது" என்று சொல்லும் அதிகாரம் காதியாருக்கு அதில் தரப்படவில்லை. மனைவியிடம் நேரில் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பெண்கள் போகும் வழக்கம் இலங்கையின் பெரும்பாலான ஊர்களில் இல்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். யாருடைய வாழ்க்கை இந்த அறிவித்தலால் மாறப்போகிறதோ, அவர் போகாத இடமாகப் பார்த்து அதை ஒட்டச் சொல்கிறது சட்டம்.

"இஸ்லாத்தில் நாலு கட்டலாம்" என்ற பேச்சு வெலிமடைச் சந்தையிலும் கேட்கும், தோட்டத்து லயத்திலும் கேட்கும். மார்க்கத்தின் மூலநூல் சொல்வது அவ்வளவு எளிதான சங்கதி அல்ல. பலதார மணத்தைப் பேசும் வசனம் குர்ஆனின் நான்காவது அத்தியாயமான அந்நிஸாவில் மூன்றாவதாக வருகிறது. கி.பி. 625இல் நடந்த உஹுத் போரில் முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபது பேர் மாண்டு, மதீனாவில் விதவைகளும் அநாதைகளும் பெருகிய காலத்தோடு அந்த வசனத்தை இணைத்து விளக்குவது உரையாசிரியர்களின் வழக்கம். அதன் பேச்சே அநாதைகளின் உரிமையில்தான் தொடங்குகிறது. அன்றைய அரபு நாட்டில் ஓர் ஆண் எத்தனை பெண்ணையும் மணக்கலாம் என்றிருந்ததற்கு நான்கு என்று ஓர் எல்லை போடுகிறது. மனைவியரிடையே நீதியாக நடக்க முடியாமல் போகுமோ என்ற அச்சம் இருந்தால் ஒருத்தியோடு நின்றுவிடும்படி அதே வசனம் சொல்கிறது. இன்னும் தள்ளி 129ஆவது வசனம், எவ்வளவுதான் விரும்பினாலும் மனைவியரிடையே முழு நீதி செய்ய ஆண்களால் இயலாது என்கிறது.

இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்துப் படிப்பதில்தான் முஸ்லிம் உலகமே பிரிந்து நிற்கிறது. பின்னது மனத்தின் சாய்வைப் பற்றியது, முன்னது உணவு, உடை, உறைவிடம், தங்கும் இரவுகள் பற்றியது. எனவே இவற்றில் சமமாக நடப்பவர் மணக்கலாம் என்பது மரபு உலமாக்களின் விளக்கம். நிபந்தனையே நிறைவேற முடியாதது என்றால் அனுமதியும் இல்லை என்று வாதிட்டுத் தூனிசியா 1956இல் பலதார மணத்தைத் தடை செய்தது. துருக்கி 1926இலேயே மதச்சார்பற்ற குடியியல் சட்டத்துக்குப் போய்விட்டது. பாகிஸ்தானில் 1961 முதல் நடுவர் மன்றத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். இந்தோனேசியா 1974இலும், மலேசியா 1984இன் கூட்டாட்சிப் பிரதேசச் சட்டத்திலும், மொரோக்கோ 2004இலும் நீதிமன்ற அனுமதியை வைத்தன. நீதியாக நடக்க முடியுமா என்ற கேள்வியை, அனுமதி கேட்கும் இந்நாடுகளில் கணவரின் மனச்சாட்சியிடம் மட்டும் விடாமல் வேறொருவரும் கேட்கிறார். இலங்கையில் முப்பது நாள் கழிந்தால் போதும்.

இப்படி ஆனதற்கு ஒரு நீண்ட கதை உண்டு. ஒல்லாந்தர் பத்தேவியாவிலிருந்து கொண்டுவந்த முஸ்லிம் சட்டத் தொகுப்பை அடியொற்றி, ஆங்கிலேய ஆட்சி 1806இல் கொழும்புப் பக்கத்து முஸ்லிம்களுக்கென ஒரு சட்டக்கோவையை வெளியிட்டது. 1852இல் அது மலைநாட்டுக்கும் நீட்டப்பட்டது. ஆனால் ஊவாவில் முஸ்லிம்களைத் தனிக் குழுவாகப் பார்க்கும் வேலையை வெள்ளைக்காரர் அதற்கு முன்பே தொடங்கியிருந்தனர். பொதிமாடு ஓட்டி வணிகம் செய்த வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கென ஹாஜி ஒருவரை 1817இல் முகாந்திரம் என்னும் தலைமைப் பதவியில் நியமித்ததும், அதனால் உள்ளூர்த் தலைவர்கள் கொதித்ததும், பதுளையில் இருந்த வில்சன் என்ற அதிகாரி கொல்லப்பட்டதும், ஊவா கிளர்ச்சி மூண்டதும் பாடப்புத்தகத்திலேயே உள்ளவை. திருமணப் பதிவுக்கென 1886இலும், காதி முறையோடு 1929இலும் கட்டளைச் சட்டங்கள் வந்தன. அவற்றின் வழிவந்த 1951ஆம் ஆண்டுச் சட்டமே இன்று பதுளையிலும் மொனராகலையிலும் நடைமுறையில் உள்ளது.

ஒரே மலைச்சரிவில் இத்தனை திருமணச் சட்டங்கள் குடியிருப்பது வெளியூராருக்கு வியப்பாக இருக்கலாம். குருத்தலாவையில் வாழும் முஸ்லிம் குடும்பத்துக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டம். பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பம் விரும்பினால் 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாகச் சட்டத்தின் கீழ் மணக்கலாம். மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு 1907ஆம் ஆண்டின் பொதுவான விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். கண்டியச் சட்டம் இன்று ஒருவனுக்கு ஒருத்தி என்கிறது. ஆனால் சகோதரர் சேர்ந்து ஒரு பெண்ணை மணக்கும் வழக்கம் இதே மலைநாட்டில் இருந்தது. 1859இன் கட்டளைச் சட்டம்தான் அதைச் சட்டவிரோதமாக்கியது. தோட்டத்து இந்துக்களின் மூதாதையர் கப்பலேறிய மதராஸ் மாகாணத்திலும் இந்து ஆண் பல பெண்களை மணக்கத் தடை 1949இல்தான் வந்தது. பலதார மணம் ஒரு மதத்தாரின் தனிச்சொத்து என்று பேசுபவர்களுக்கு ஊவாவின் வரலாறு கைகொடுக்காது.

1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் மற்ற விதிகளையும் தெரிந்துகொண்டால்தான் 24ஆம் பிரிவின் கனம் புரியும். நிக்காஹ் என்னும் திருமண ஒப்பந்தத்துக்கு மணமகனும், மணமகளின் வலியும், சாட்சிகளும், மஹரும் வேண்டும். வலி என்பவர் தந்தை அல்லது தந்தைவழி ஆண் உறவினர். இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹப் என்னும் மார்க்கச் சட்டவழியைச் சேர்ந்தவர்கள். அந்த வழியில் வலி இல்லாமல் பெண்ணுக்குத் திருமணம் இல்லை. பதிவேட்டில் வலி கையெழுத்திடுவார். மணமகளின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. மஹர் கணவன் மனைவிக்குக் கொடுப்பது. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் கைக்கூலி மார்க்கத்தில் இல்லாதது. ஆனால் ஊரில் இருப்பதால் அதையும் பதிவு செய்து பின்னர் மீட்க இந்தச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. மற்றச் சமூகங்களுக்கு 1995இல் திருமண வயது பதினெட்டாக உயர்ந்தபோது முஸ்லிம் சட்டம் தொடப்படவில்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழான பெண் என்றால் மட்டும் காதியின் அனுமதி வேண்டும் என்ற 23ஆம் பிரிவு அப்படியே நின்றது.

விவாகரத்திலும் இதே சாய்வுதான். கணவர் தலாக் சொல்லி மணத்தை முறிப்பதற்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை. அறிவித்தலும் சமரச முயற்சியும் காத்திருப்பும் போதும். மனைவி பஸஹ் என்னும் விவாகரத்தைக் கேட்டால் கணவரின் குற்றத்தைச் சாட்சிகளோடு நிறுவ வேண்டும். காதியாக முஸ்லிம் ஆண் மட்டுமே நியமிக்கப்படலாம். அவர் முன் சட்டத்தரணி வழக்காட முடியாது. செலவு குறையட்டும், நடைமுறை எளிமையாக இருக்கட்டும் என்ற எண்ணத்தில் வைத்த விதி அது. பேச்சுப் பழக்கமில்லாத பெண்ணுக்கு அது எந்த உதவியும் இல்லாமல் தனியே நிற்கும் நிலையாகிவிடுகிறது. பல காதிமாருக்கு நீதிமன்றக் கட்டடமே கிடையாது. வீட்டிலோ பள்ளிக்கூடத்திலோ பள்ளிவாசலிலோ அமர்வு நடக்கும். தீர்ப்பு பிடிக்காவிட்டால் மேன்முறையீடு காதிகள் சபைக்கு. சபை கொழும்பு புதுக்கடையில். 1924இல் பதுளைக்கு வந்த ரயில் பாதையில் அது ஒரு முழுப் பகலோ இரவோ பிடிக்கும் பயணம். கைக்குழந்தையோடு தாபரிப்புக் கேட்டு அலையும் ஒரு லுணுகலைப் பெண்ணுக்கு இந்த மேன்முறையீட்டு உரிமை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் அடிப்படை உரிமை மீறல் என்று சொல்லி உயர் நீதிமன்றம் போகலாமே என்று கேட்கத் தோன்றும். வழியை 1978இன் அரசியலமைப்பே அடைத்திருக்கிறது. ஏற்கெனவே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது 16(1) உறுப்புரை. ஆகவே பாராளுமன்றம் திருத்தினால்தான் உண்டு.

திருத்தக் கேட்டவர்கள் வெளியார் அல்லர். முஸ்லிம் பெண்கள் ஆய்வுச் செயல் முன்னணி போன்ற அமைப்புகள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகின்றன. 2009இல் நீதி அமைச்சர் மிலிந்த மொரகொட, நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் ஒரு குழுவை அமைத்தார். ஒன்பது ஆண்டு உட்கார்ந்த குழு 2018 ஜனவரியில் இரண்டாக உடைந்து இரண்டு அறிக்கை கொடுத்தது. மர்சூஃப் அணி ஒரு பக்கம். ஜனாதிபதி சட்டத்தரணி பாயிஸ் முஸ்தபாவும் மார்க்க அறிஞர் அமைப்பான ஜம்இய்யதுல் உலமாவின் தலைமையும் மறுபக்கம். பெண் காதியாகலாமா என்பதிலேயே இரு அணியும் எதிரெதிராக நின்றன. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் பேச்சின் தொனியே மாறியது. முஸ்லிம் பெண்ணின் உரிமை என்ற பேரில் முஸ்லிம் சமூகத்தையே கூண்டில் ஏற்றும் குரல்கள் உயர்ந்தன; திருத்தம் கேட்ட முஸ்லிம் பெண்கள் அந்தக் குரல்களுக்கும் சொந்த ஊரின் கோபத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டனர். 2021 மார்ச்சில் நீதி அமைச்சர் அலி சப்ரியின் யோசனைப்படி பலதார மணத்தையும் காதி நீதிமன்றங்களையும் நீக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அது சட்டமாகும் முன்பே 2022இல் அந்த அரசு கவிழ்ந்தது. 2023இல் முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்கள் பலர் கையொப்பமிட்டு, பலதார மணம் நிபந்தனையோடு இருக்கட்டும், காதி முறையும் இருக்கட்டும் என்று கேட்டனர்.

தோட்டத் தமிழருக்கு இந்தச் சட்டம் எங்கே வந்து சேர்கிறது? அப்புத்தளை, பசறை, பண்டாரவளைக் கடைத்தெருக்களில் முஸ்லிம் வணிகரும் தோட்டத்து வாடிக்கையாளரும் தலைமுறை தலைமுறையாகக் கடன் கணக்கும் கல்யாணச் சாப்பாடும் பகிர்ந்தவர்கள். இடையில் காதலும் வரும். தோட்டத்து இந்துப் பெண் ஒருவர் மதம் மாறாமலே முஸ்லிம் ஆணை மணக்க விரும்பினால், பொதுவான விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் வழிவிடுகிறது. அது விலக்கி வைப்பது முஸ்லிமுக்கும் முஸ்லிமுக்கும் இடையிலான திருமணத்தை மட்டுமே. அந்தப் பதிவில் இரண்டாவது மனைவிக்கு இடமில்லை. பெண் இஸ்லாத்துக்கு வந்து நிக்காஹ் செய்தால் 1951ஆம் ஆண்டுச் சட்டம். அதில் அவர் இரண்டாமவராகவும் இருக்கலாம், பின்னால் இன்னொருவர் வரவும் கூடும். கணவர் உயிலில்லாமல் இறந்தால் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மார்க்க விதிப்படி பங்கு பிரியும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மனைவியர் இருவர் என்றால் அந்த எட்டில் ஒன்றைத்தான் இருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பாதையும் இருந்தது. முஸ்லிம் அல்லாத ஆண் ஒருவர் மனைவி இருக்கவே இஸ்லாத்துக்கு மாறி இரண்டாவது மணம் செய்வது. 1933இல் கிறிஸ்தவ முறையில் மணந்த அலன் ரீட் 1959இல் மதம் மாறி மறுமணம் செய்தபோது வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. பல மதங்கள் வாழும் நாட்டில் மதத்தையும் அதன் வழித் தனிச்சட்டத்தையும் மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டு, வேண்டாமென்றால் சட்டமன்றம் தடுக்கட்டும் என்று 1965இல் தீர்ப்பு வந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் அந்தக் கதவு திறந்தே கிடந்தது. அத்தகைய மணங்களில் பள்ளிவாசல் அறிவித்தலின் கோலம் இன்னும் விசித்திரம்: தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இந்து மனைவி அந்த அறிவித்தலை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்த்திருக்கமாட்டார். இந்தியாவில் சரளா முத்கல் வழக்கில் 1995இல் இத்தகைய மணம் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இலங்கை உயர் நீதிமன்றம் 1997 டிசம்பரில் அபேசுந்தர வழக்கில் ரீட் தீர்ப்பைக் கைவிட்டது. பொதுச் சட்டத்தின் கீழ் மணந்தவர் தாம் மட்டும் மதம் மாறுவதால் அந்த மணத்தின் கடமையை உதற முடியாது, இரண்டாவது மணம் செல்லாது என்றது.

ஆக, தோட்டத்தில் பதிவுத் திருமணம் செய்த ஓர் ஆண் அதை முறைப்படி முறிக்காமல் கலிமாச் சொல்லி இஸ்லாத்துக்கு மாறி நிக்காஹ் செய்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 362ஆ பிரிவின் கீழ் ஏழு ஆண்டு வரை சிறை போகலாம். கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட திருமணம் என்றாலும் அவர் தப்பினார் என்று சொல்லிவிட முடியாது. வழக்க முறை மணத்தையும், ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்ததையும் நீதிமன்றங்கள் ஏற்கின்றன. ஆனால் அதை நிரூபிக்கும் சுமை முதல் மனைவியின் தலையில் விழும். ஐயரையும் சாட்சிகளையும் தேடி அழைத்துவர வேண்டியவர் அவர்தான். அந்த நிக்காஹ்வை நம்பி வந்த இரண்டாவது பெண்ணுக்கோ மனைவி என்ற நிலையும் வாரிசுப் பங்கும் இல்லை. அவருக்குப் பிறந்த குழந்தைக்கு மட்டும் சட்டம் இடம் தருகிறது. பெற்றோரின் திருமணம் செல்லுபடியா என்று பாராமல், தகப்பனிடமிருந்து தாபரிப்பு கேட்கலாம்.