ஆடிக்கூழும் பனையோலைப் பிளாவும்
சிறுவர்களோடு ஒரு பண்டிகை நாள்

அனலைதீவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தை அண்மையில் வன்னியில் சந்தித்தோம். வீட்டின் மூத்த தாயார், தாம் சிறு பிள்ளையாக இருந்தபோது ஆடிப்பிறப்பன்று பிளாவில் கூழ் குடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மடியிலிருந்த பேரன் இடைமறித்தான். "பிளா எண்டால் என்ன அம்மம்மா?"

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "ஓலை இருந்தால் செய்து காட்டுவன்" என்றார். அந்த வளவில் ஒரு பனைகூட இல்லை.

1990 ஆகஸ்டில் தீவகத்தில் போர் மூண்டபோதும் அதன் பின்னரும், எமது மக்கள் தோட்டத்தையும் கிணற்றையும் விட்டு வெளியேறினர். இழந்த காணிக்கும் வீட்டுக்கும் கணக்கு எழுதலாம். ஆனால் ஒரு பிள்ளை அறியாமற்போன சொல்லுக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. அதைத் திருப்பிக் கொடுக்கக்கூடியவர்கள் பெற்றோரும் பேரன் பேர்த்தி கண்டவர்களுமே. அதற்கு ஆடிப்பிறப்பு நல்ல நாள்.

உழவர் வீட்டுப் பண்டிகை

ஆடி முதலாம் நாள் பெரும்பாலும் யூலை 17இல் வரும். சைவ மக்கள் இதைத் தட்சிணாயனத்தின் தொடக்கமாகக் கொள்வர். ஆயினும் யாழ்ப்பாணத்தில் இது கோயிலைவிட அடுப்படியையும் முற்றத்தையும் சார்ந்த நாள். அரிசி, பயறு, தேங்காய், பனங்கட்டி ஆகிய நான்கும் உழவனின் வளவிலும் அயலிலும் கிடைப்பவை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) சிறுவர்களுக்காக இந்நாளைப் பாடிவைத்தார். அப்பாடலைப் பள்ளியில் பாடாத யாழ்ப்பாணத்தவர் அரிது.

அந்த நவாலியிலேதான் 1995 யூலை 9ஆம் நாள், இடம்பெயர்ந்து புனித பேதுரு ஆலயத்தில் தங்கியிருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் வீழ்ந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களிற் சிறுவரும் இருந்தனர். ஆடிப்பிறப்புக்கு எட்டு நாட்களே இருந்தன. பிள்ளைகளின் பண்டிகையைச் சின்ன விடயம் என்று எம்மால் தள்ளிவிட முடியாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூழ் காய்ச்சுவோம்

பத்துச் சிறுவருக்கு வறுத்த பச்சரிசி மா ஒரு சுண்டு, வறுத்துக் கோது நீக்கிய பாசிப்பயறு அரைச் சுண்டு, தேங்காய் ஒன்று, பனங்கட்டி கால் கிலோ அளவு, தண்ணீர் எட்டுச் சுண்டு போதும். சிறிது உப்பும், விரும்பினால் ஏலமும் மிளகும் சேர்க்கலாம். பனங்கட்டி கிடைக்காத இடத்தில் சர்க்கரை உதவும்.

மாவில் பாதியை எடுத்துச் சுடுநீர் விட்டுக் குழையுங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிள்ளைகளிடம் கொடுங்கள். சுண்டங்காய் அளவு உருண்டைகளாக அவர்கள் உருட்டட்டும். உருண்டை கோணலானால் திருத்த வேண்டாம். கோணல் உருண்டையும் வேகும்.

பயற்றைத் தண்ணீரில் வேகவிடுங்கள். பயறு மெதுவானதும், கொதிக்கும் நீரில் உருண்டைகளைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். போட்டவுடன் துழாவினால் கரைந்துவிடும். உருண்டைகள் வெந்து மேலே வரும்வரை பொறுத்திருங்கள். மீதி மாவைத் தேங்காய்ப்பாலிற் கட்டியில்லாமல் கரையுங்கள். பனங்கட்டியைச் சிறிது சுடுநீரிற் கரைத்து, மண் தூசி போக வடித்தெடுங்கள். இரண்டையும் ஊற்றி, அடிப்பிடிக்காமல் துழாவி, கூழ் தடித்ததும் உப்பிட்டு இறக்குங்கள். பாலுக்குத் துருவுமுன் ஒரு துண்டைச் சிறு சொட்டுகளாக வெட்டி வைத்திருந்தால், அதையும் இப்போது சேர்க்கலாம்.

அரிசியும் பயறும் சேரும்போது ஒன்றின் புரதக் குறையை மற்றது நிரப்புகிறது. நிவாரண அரிசியில் நாட்களைக் கழித்த குடும்பங்களுக்கு இதன் பெறுமதி தெரியும். இனிப்புப் பண்டம் என்ற பெயரில் கடைப் பிஸ்கற் வாங்குவதைவிட, இந்தக் கூழ் ஒரு வேளை உணவாகவே அமையும்.

பிளாவும் பலாவிலையும்

கூழ் கொதிக்கும் நேரத்தில் பிள்ளைகள் தங்கள் பாத்திரத்தைத் தாங்களே செய்யலாம். வடலி ஓலையை வெட்டி, கருக்கு மட்டையை நீக்கிக் கொடுப்பது பெரியவர்களின் வேலை. பிரியாத ஓலையைக் கழுவித் துடைத்து விரித்து, இரு முனைகளையும் மடித்துச் சேர்த்து ஓலை நாரினாற் கட்டினால், சிறு தோணி போன்ற பிளா கிடைக்கும். முதலிலே தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். முதற் பிளா ஒழுகத்தான் செய்யும். இரண்டாவதைப் பிள்ளை கவனமாக மடிப்பாள்.

பனையில்லாத இடத்தில் பலாவிலையைக் கோலி, ஈர்க்குக் குத்தினால் நல்ல கரண்டி. கிண்ணத்துக் கூழை அதனால் அள்ளிக் குடிக்கலாம்.

முற்றத்து விளையாட்டு

ஆடியிற் சோளகம் வீசும். இரண்டு ஓலைத் துண்டுகளைக் குறுக்காகப் பின்னி, நடுவில் முள்ளேற்றிக் குச்சியிற் பொருத்தினால் காற்றாடி. நுங்கு குடித்தபின் எஞ்சும் கோம்பை இரண்டைத் தடியால் இணைத்து, கவர்த்தடியால் தள்ளினால் வண்டி. ஓலைக் கிளியும் பாம்பும் பின்னத் தெரிந்த பெரியவர் ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார். அவரைத் தேடிச் சென்று அழைத்து வாருங்கள். நெடுநாளாக எவரும் ஒன்றும் கேட்காத அந்த முதியவருக்கும் அது பண்டிகைதான்.

கவனிக்க வேண்டியவை

அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் இடையே எப்போதும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். மா குழைக்குமுன் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தேங்காய்ச் சொட்டு தொண்டையில் அடைக்கலாம். அவர்களுக்குத் தேங்காய்ப்பூ போதும். உருண்டையையும் நசித்துக் கொடுங்கள். கூழ் வெளியே ஆறினாலும் உள்ளே சுடும். நன்றாக ஆறவிட்டே பிளாவில் வார்க்க வேண்டும்.

ஒரு பிளா அயலவருக்கு

"கையிற் காசில்லை, பிள்ளைகளுக்கு என்ன பண்டிகை?" என்று பெற்றோர் எம்மிடம் கேட்பதுண்டு. அந்த வருத்தம் உண்மையானது. ஆனால் ஒரு வீட்டில் அரிசியும், இன்னொரு வீட்டில் தேங்காயும், மற்றொரு வீட்டில் பயறும் இருக்கும். மூன்றும் ஒரு பானையிற் சேர்ந்தால் போதும். ஐயாயிரம் பேருக்கு ஆண்டவர் உணவளித்ததும் ஒரு சிறுவன் கொண்டுவந்த சிறிதளவு உணவிலிருந்துதான் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. முதற் பிளாவை, வேறு ஊரிலிருந்து வந்து அயலிற் குடியிருப்பவருக்குப் பிள்ளையின் கையாலேயே கொடுத்தனுப்புங்கள்.

வன்னித் தாயாரை மறுமுறை பார்க்கச் சென்றபோது வழியில் ஓலை வாங்கிச் சென்றோம். அவருடைய விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. பேரன் இரண்டு பிளாவைக் கிழித்துவிட்டு, மூன்றாவதைக் கட்டி முடித்தான். அதிலே தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்று அயல்வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினான்.