மரணப் படுக்கையில் ஓர் எலுமிச்சை

வைத்தியசாலைக் கட்டிலில் உயிர் ஊசலாடும் அன்புக்குரியவரைக் காணச் செல்பவனை முதலிற் கைவிடுவது மொழியே. சுகம் விசாரிக்கவும் முடியாது, விசாரிக்காதிருக்கவும் முடியாது. அந்த வேளையைப் பாடப் புகும் கவிஞனுக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. துயரத்தைக் குறிக்கும் சொற்கள் யாவும் முன்னரே பலர் வாய்ப்பட்டுத் தேய்ந்தவை. இதனை யப்பானியக் கவிஞர் தக்கமுரா கோத்தாரோ கடந்த விதத்தை அவரது 'எலுமிச்சை இரங்கற்பா' என்னும் சிறு கவிதையிற் காணலாம்.

கோத்தாரோ (1883 - 1956) சிற்பியுமாவார். அவர் மனைவி சியேகோ ஓவியம் பயின்றவர். 1911 இல் தோன்றிய 'செய்தோ' என்னும் மகளிர் சஞ்சிகையின் முதலிதழுக்கு அட்டைப்படம் வரைந்தவர். 1914 இல் இருவரும் இல்வாழ்வில் இணைந்தனர். பின்னாளிற் சியேகோவை உளநோய் பற்றியது. 1935 இல் தோக்கியோவில் ஒரு வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட அவர், கசநோயும் தாக்க, 1938 ஆம் ஆண்டு ஒக்டோபர் 5 ஆந் திகதி இரவு அங்கேயே உயிர்நீத்தார். கவிதை பிறந்தது 1939 பெப்ரவரியில். அது 1941 இல் 'சியேகோஷோ' என்னும் தொகுதியில் இடம்பெற்றது.

அதே இரவைக் கோத்தாரோ 1940 இல் உரைநடையிலும் எழுதினார். சியேகோ வைத்தியசாலையில் இருந்தபடி தாள்களைக் கத்தரித்து ஒட்டி ஆயிரத்துக்கு மேற்பட்ட சித்திரங்கள் செய்திருந்தார். இறுதி நாளில் அவற்றை ஒழுங்குசெய்து கணவர் கையிற் கொடுத்து, மூச்சுத் திணறலினூடே இலேசாக முறுவலித்தார். அவர் கொண்டுசென்ற எலுமிச்சையின் மணம் கமழ, சில மணி நேரத்துள் அமைதியாக மறைந்தார். இது கட்டுரை தரும் செய்தி.

கவிதையில் அச்சித்திரங்கள் இல்லை. சில மணி நேரம் ஒரு கணமாகச் சுருங்கிவிட்டது. நோயின் பெயரில்லை, வைத்தியரில்லை. எஞ்சுபவை வெண்மையும் ஒளியும் சோகமும் ஒருங்கே படிந்த ஒரு படுக்கையும், ஒரு பழமும், பற்றிய கையுமே.

வினைச்சொற்களை நோக்குவோம். பழத்துக்காகக் காத்திருந்தவள் அவள். அதை வாங்கிக் கடித்தவள் அவள். கடிக்கும் ஓசையைக் காட்ட ஓர் ஒலிக்குறிப்புச் சொல்லே போதுமானதாயிற்று. சாற்றின் சில துளிகளால் அவள் சித்தம் தெளிகின்றது. கையைப் பற்றும் அவள் பிடியைச் சொல்ல வந்த கவிஞர், ஆரோக்கியம் என்னும் பொருள்படும் சொல்லை ஆள்கிறார். சாவின் விளிம்பில் அச்சொல்லைக் கேட்கும் நமக்கு நெஞ்சம் நடுங்குகின்றது. கவிஞர் தம் கண்ணீரைப் பற்றி ஏதும் கூறவில்லை. சாகின்றவளே செயலுக்கு உரியவளாக இறுதிவரை நிற்கிறாள்.

மற்றொரு நுட்பமும் உண்டு. கவிதை மனைவியை முன்னிலைப்படுத்தியே நடக்கின்றது. எனினும் அவள் பழைய சியேகோவாக மீளும் அந்த ஓரிடத்தில் மட்டும் பெயர் படர்க்கையில் வருகின்றது. அத்தொகுதியில், நோயுற்ற சியேகோவைப் பாடும் கவிதைகளைக் கற்று வந்தவர்க்கே அப்பெயர் மீட்சியின் பெறுமதி புரியும். உளநோயின் ஆண்டுகளைக் கவிஞர் மறைத்தார் என்று குறைகூறுவோருக்கும் இதுவே விடை.

இனி, மரணம். முன்னொரு நாள் மலையுச்சியில் விட்டது போன்ற ஒரு நெடுமூச்சு. அதன்பின் இயந்திரத்துக்கு வழங்கும் ஒரு சொல்லால், அவள் உடல் நின்றுபோனது என்கிறார். மலைக் காற்றுக்கு அடுத்து இச்சொல் விழுவதாலேயே, உயிர் பிரிந்தபின் எஞ்சிய வெற்றுடலை நாம் காண்கிறோம்.

கவிஞர் தாமே வினைமுதலாவது கடைசி அடியில் மட்டுமே. அவள் நிழற்படத்தின் முன், இன்றும் ஓர் எலுமிச்சையை அவர் வைக்கப்போகிறார். 'இன்றும்' என்பதிலுள்ள உம்மை எத்தனை நாட்களைத் தன்னுள் அடக்கிக்கொண்டது! அன்று அவள் பல்லிற் பட்ட பழம் படையற் பொருளாயிற்று. ஓர் இரவின் சாவு நாள்தோறும் நிகழும் நினைவாயிற்று.

நோயாளரைப் பார்க்கச் செல்லும்போது பழம் கொண்டுபோவது நம்மவர்க்கும் வழக்கமே. சொல்லத் தெரியாத ஒன்றைக் கை சொல்லுகின்றது. அந்தக் கையின் மொழியை ஏட்டில் இறக்கியமையே கோத்தாரோவின் வெற்றி.