இனிப்பை விடாமல் இளைக்க முடியுமா?

நவராத்திரி கொலுப் படிகளைப் பிரித்து வைத்த கையோடு தில்லியில் நமக்கு எடை கூடத் தொடங்கிவிடும். சுண்டல் சாப்பிட்டதாலா என்று கேட்காதீர்கள். சுண்டல் பாவம், அது நல்ல பிள்ளை. அதற்குப் பின்னால் வரிசையில் நிற்பவைதான் ஆபத்து. தசராவுக்குச் சுடச்சுட ஜலேபி, தீபாவளிக்கு மிட்டாய் டப்பாக்கள், குருநானக் ஜயந்திக்குக் கடா பிரசாதம், குளிர் இறங்கியதும் காஜர் அல்வா, கிறிஸ்துமஸ் கேக், லோஹ்ரிக்கு ரேவ்டியும் கஜக்கும், மறுநாளே நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல். ஊரில் இருக்கும் உறவினர்களுக்கு ஒரு பஞ்சாங்கம். பிழைக்க வந்த நமக்கு இரண்டு பஞ்சாங்கம். இரண்டிலும் இனிப்பு உண்டு.

சரோஜினி நகரின் பழைய அரசுக் குடியிருப்பில் வாழ்ந்தவர்களுக்கு இது விளக்க வேண்டியதில்லை. நாம் அதிரசமும் முறுக்கும் ஒரு தட்டில் வைத்து எதிர்வீட்டுக்கு அனுப்புவோம். அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது அவர்களுக்கும் வழக்கமில்லை, நமக்கும் வழக்கமில்லை. நாலு நாள் கழித்து அதே தட்டில் பேசன் லட்டோ, நெய் சொட்டும் பின்னியோ வந்து சேரும். வேண்டாம் என்றால் மனம் கோணும். தூக்கி எறிய நம் அம்மாக்கள் விட மாட்டார்கள். ஆகவே வயிற்றுக்குள் போட்டோம்.

பிறகு ஜனவரி முதல் தேதி ஒரு சபதம். “இனி இனிப்பைத் தொடுவதில்லை.” பெரும்பாலும் இந்தச் சபதம் குடியரசு தினத்தன்று கொடியேற்றியதும் கையில் கொடுக்கப்படும் லட்டோடு முடிந்துவிடும். முடிந்தால்கூடப் பரவாயில்லை. சபதம்தான் முறிந்துவிட்டதே, இனி என்ன என்று அடுத்த ஒரு வாரம் கணக்கில்லாமல் சாப்பிடுகிறோமே, அங்கேதான் எடை ஏறுகிறது.

என் கதையும் இதுதான். என் தகப்பனார் சர்க்கரை நோயால் கடைசிக் காலத்தில் கண் பார்வை மங்கி, பேரப்பிள்ளைகளைக் குரலால் அடையாளம் கண்டவர். எனக்கு நாற்பத்தேழு வயதில் இரத்தப் பரிசோதனையில் ‘எல்லையில் நிற்கிறது’ என்று வந்தது. பயந்துபோய் அன்றோடு இனிப்பை நிறுத்தினேன். வீட்டார் பார்க்க நிறுத்தினேன் என்று சொல்வதே சரி. மூன்றே மாதத்தில், எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறை விளக்கைப் போடாமல் டப்பாவைத் தடவித் திறக்கும் நிலைக்கு வந்தேன். இருட்டில் நின்றபடி தின்ற காஜு கத்லிக்குக் கணக்கும் கிடையாது, ருசியும் கிடையாது. எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. அதற்குப் பிறகுதான் இதை ஒழுங்காகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் உடம்பைப் பற்றி ஒரு செய்தி. புனே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் வெள்ளைக்காரரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் இந்தியர் உள்ளே கொழுத்திருக்கலாம் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் நான் பார்த்ததில்லை. இதனால்தான் மற்ற நாட்டாருக்கு 25 வரை சரி என்று வைத்திருக்கும் இந்தக் குறியீடு, 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி எடுத்த முடிவின்படி நமக்கு 23லேயே அதிக எடை என்றாகிறது. கணக்குப் போடச் சிரமமாக இருந்தால் தையல்காரர் நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் கவனம் தேவை. வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளக்கக் கூடாது!

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுதும் நடத்திய ஆய்வு 2023இல் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி; என்னைப் போல் எல்லையில் நிற்பவர்கள் சுமார் 13.6 கோடி. ஆகவே இளைப்பது அழகுக்காக மட்டும் இல்லை.

சரி, எடை ஏறுவதற்கு மைசூர்பாகுதான் காரணமா? ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நடுத்தரத் துண்டு மைசூர்பாகு, 40 கிராம் இருக்கலாம், சுமார் 200 கலோரி. இப்போது நம் அலுவலக நாளைப் பாருங்கள். காலையில் வீட்டில் காபி, பத்தரைக்கு ஒரு இஞ்சி டீ, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, வீடு திரும்பியதும் ஒன்று. ஐந்து முறை. முறைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை, கரண்டிக்கு 5 கிராம் என்றால் 50 கிராம். ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி. ஆக 200 கலோரி. அதாவது யாருக்கும் தெரியாமல், நமக்கே தெரியாமல், தினம் ஒரு மைசூர்பாகை டீயில் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறோம். மைசூர்பாகாவது நாக்குக்குத் தெரியும். ஐந்தாவது டீயின் சர்க்கரையை யார் ரசித்தார்கள்?

ஐதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு நெறிகளில், நாம் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளுக்கு 25 கிராம் வரை போதும் என்கிறது. டீயிலேயே அதைப்போல் இருமடங்கு ஆகிவிட்டது. கூடவே 300 மில்லி குளிர்பானம் ஒரு பாட்டில் குடித்தால் மேலும் 30 கிராமுக்குக் குறையாது.

எனவே நான் செய்தது இதுதான். டீ, காபியில் சர்க்கரையை இரண்டிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து அரை என்று ஆறு வாரத்தில் குறைத்து, பிறகு நிறுத்தினேன். ஒரேயடியாக நிறுத்தினால் கஷாயம் குடிப்பது போல இருக்கும். படிப்படியாகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்கிறது. தில்லி டீக்கடையில் சர்க்கரையைச் சேர்த்தே கொதிக்க வைத்துவிடுவதால் ‘ஃபீக்கி சாய்’ என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதலில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பிறகு நம் முகத்தைக் கண்டதும் தனியாகப் போட்டுத் தருவார்கள். டீக்குத் துணையாக வரும் பிஸ்கட்டையும் ரஸ்க்கையும் விட்டேன். இப்படி மிச்சமான கலோரியில்தான் என் இனிப்புக்கு இடம் கிடைத்தது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினம் 200, 250 குறைத்தால் மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு அருகில் வரும். போகப்போக வேகம் குறையும். அவசரப்படுபவர்களுக்கு இந்த வழி ஆகாது.

அடுத்து, எந்த இனிப்பு? இங்கே நம்மில் பலர் சர்க்கரையை மட்டும் பார்க்கிறோம், நெய்யைப் பார்ப்பதில்லை. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, சர்க்கரையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அதனால் நெய்யில் மிதக்கும் பலகாரம் சிறிய துண்டிலேயே கணக்கை முடித்துவிடும். ரசகுல்லாவைப் பாருங்கள். அது வெறும் பாலாடைக்கட்டியும் பாகும். பாகைக் கரண்டியால் நன்றாகப் பிழிந்துவிட்டால் 100 கலோரிக்குள் அடங்கும். (வங்காள நண்பர் எதிரில் பிழியாதீர்கள், மனம் வருந்துவார்.) குலாப்ஜாமூன் பொரித்தது, ஆகவே 150 ஆகும். கோவில்பட்டி கடலைமிட்டாய் சின்னத் துண்டு ஒன்று 120, 125 வரும். ஆனால் கடலையில் புரதம் இருப்பதால் பசி அடங்கி நிற்கும். லோஹ்ரிக்கு வரும் கஜக்கும் அந்த வகைதான்.

வெல்லத்தில் செய்தால் தோஷமில்லை என்று ஒரு நம்பிக்கை நம் வீடுகளில் உண்டு. வெல்லத்தில் கொஞ்சம் தாது உப்புகள் இருப்பது உண்மை. எடை விஷயத்தில் அது சர்க்கரையின் உடன்பிறந்த தம்பிதான். ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய டப்பாவை இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குபவர்களையும் பார்க்கிறேன். அதில் சர்க்கரை இல்லாவிட்டாலும் கோவாவும் நெய்யும் முந்திரியும் அப்படியே இருக்கின்றன. சர்க்கரை இல்லையே என்று இரண்டாக எடுத்துக்கொள்கிறோம். எடையைக் கட்டுப்படுத்த இந்தச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 மே மாதம் சொல்லிவிட்டது.

பல வகை கலந்த மிட்டாய் டப்பா இன்னொரு பொறி. ஆக்ஸ்போர்டில் பார்பரா ரோல்ஸ் என்ற பெண்மணி 1981இல் தம் குழுவினரோடு ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரே வகை சாண்ட்விச் கொடுத்தால் தின்பதைவிட, நாலு வகை கொடுத்தால் மனிதர்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தின்றார்கள். ஒரு ருசி அலுத்தாலும் அடுத்த ருசிக்கு வயிற்றில் இடம் பிறந்துவிடுகிறது. கல்யாணப் பந்தியில் வயிறு முட்டிய பிறகும் பாயசம் இறங்குகிறதே, அந்த ரகசியம் இதுதான். ஆகவே டப்பாவைத் திறந்து மேசைமேல் வைக்காதீர்கள். வந்த அன்றே வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து, ஆளுக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு, மீதியைக் காவலாளிக்கும் வேலைக்கு வரும் பெண்ணுக்கும் புதிதாக இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். பத்து நாள் கழித்து, சோன்பப்டி மட்டும் மிஞ்சிய டப்பாவைக் கொடுப்பது மரியாதை இல்லை.

அளவுக்கு எனக்குக் கோயிலில்தான் விடை கிடைத்தது. சரோஜினி நகர் விநாயகர் கோயிலில் நின்றுகொண்டிருந்தபோது கையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவு. இதே பொங்கலை வீட்டில் நான் கிண்ணம் நிறைய, ஓரத்தில் நெய் விட்டுச் சாப்பிடுவேன். அப்போதும் இன்னும் கொஞ்சம் என்று கேட்பேன். கோயிலில் யாரும் இரண்டாவது முறை கை நீட்டுவதில்லை. அந்தச் சின்ன உருண்டையை ஒரு மூலையில் நின்று, முந்திரியைக் கடைசிக்கு வைத்து, மெதுவாகச் சாப்பிடுகிறோம். குறைவு என்ற எண்ணமே வருவதில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் ‘பிரசாத அளவு’ என்று ஒரு சொல் புழக்கத்துக்கு வந்தது. என் மனைவி அதிரசத்தை முன்பு செய்ததில் பாதி அளவில் தட்டுகிறாள். எண்ணிக்கை அதே, தட்டு நிறைந்தும் தெரிகிறது.

சாப்பிடும் வேளையும் முக்கியம். நாலு மணிப் பசியில் லட்டைத் தொட்டால் ஒன்றோடு நிற்காது. காய்கறி, பருப்போடு மதியச் சாப்பாடு முடித்தபின் ஒரு துண்டு என்றால் போதும் என்று தோன்றும். இரத்தத்தில் சர்க்கரையும் அவ்வளவு வேகமாக ஏறாது. அன்று சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொள்ளலாம்.

நடை பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், எல்லையில் நின்ற 531 பேரைச் சேர்த்து மூன்று ஆண்டு நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. உணவைச் சீராக்கித் தினம் அரை மணி நடந்தவர்களுக்கு, சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை. எடை இயந்திரத்தின் முள் நகரவில்லையே என்று நடையை விட்டுவிடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

முன்பு சரோஜினி நகரில் நடை தானாக நடந்தது. காய்கறிக்கு நடந்தோம், பஸ்ஸுக்கு நடந்தோம், மாடிப்படி ஏறினோம். அந்தக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 ஜனவரியில் அங்கே 28 அடுக்குமாடிக் கோபுரங்கள், 2,500க்கு மேற்பட்ட வீடுகளோடு திறக்கப்பட்டன. வசதியான வீடுகள்தான். ஆனால் பாலுக்குப் போகவும் லிஃப்ட். இரண்டு மாடியாவது படியில் ஏறி, மிச்சத்துக்கு லிஃப்ட் பிடியுங்கள். நவம்பரில் புகைமூட்டம் சூழும் நாட்களில் விடியற்காலை வெளிநடை வேண்டாம், வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். மார்க்கெட்டில் இரண்டு மணி நேரம் பேரம் பேசி அலைவதும் நடைதான். அலைந்து முடித்து ஆலு டிக்கியும் ஜலேபியும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக மாற்றம் செய்ய வேண்டாம். எவ்வளவு இனிப்பு, எப்போது என்பதை அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

பத்து மாதத்தில் என் எடை 79லிருந்து 73 ஆயிற்று. இடுப்புப் பட்டையில் இரண்டு துளை உள்ளே போயிருக்கிறது. போன தீபாவளிக்கும் எதிர்வீட்டு அம்மாள் பின்னி அனுப்பினார். நாலாக நறுக்கி, சாப்பாட்டுக்குப் பின் ஒரு துண்டை விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கோந்தும் பாதாமும் பல்லில் படப்பட அவ்வளவு ருசி. மறுநாள் அந்தத் தட்டில் சின்ன அதிரசம் பன்னிரண்டு அடுக்கித் திருப்பி அனுப்பினோம். “இந்தத் தடவை அச்சு மாறிவிட்டதா?” என்று மட்டும் கேட்டார்.