கறுப்புச் சீட்டுக்கட்டு நீடித்து உழைக்குமா? வாங்கும் முன் ஓரத்தைப் பாருங்கள்

ஜார்ஜ்டவுன்: தீபாவளி விடுமுறை, கல்யாண வீட்டுக்கு முதல் நாள் இரவு, துக்க வீட்டில் விழித்திருக்கும் இரவு என நம் குடும்பங்களில் சீட்டுக்கட்டு வெளியே வரும் நேரங்கள் பல. அண்மைக் காலமாக அந்தக் கட்டின் நிறம் மாறி வருகிறது. வெள்ளைப் பின்னணியில் சிவப்பும் கறுப்புமாக இருந்த சீட்டுகளோடு, முழுவதும் கறுப்பாக, பொன் அல்லது வெள்ளி எழுத்துகள் மின்னும் கட்டுகளும் இணையக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. 'நீர் புகாது', 'கிழியாது', 'நூறு விழுக்காடு பிளாஸ்டிக்' என்பன போன்ற வாசகங்களுடன் அவை விற்பனைக்கு வருகின்றன.

இவற்றுள் சில, சொன்னபடியே பல ஆண்டுகள் உழைக்கின்றன. வேறு சில, ஒரு பண்டிகைக் காலம் முடிவதற்குள் ஓரம் வெளுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஆட முடியாத நிலைக்கு வந்துவிடுகின்றன. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கறுப்பு நிறம் அன்று. அந்த நிறத்துக்கு அடியில் இருக்கும் பொருள்தான் கட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

தாள் சீட்டின் உள்ளே

நல்ல தாள் சீட்டு ஒற்றைத் தாள் அன்று. இரண்டு தாள்களை நடுவில் பசையிட்டு ஒட்டி அழுத்தியே அது உருவாக்கப்படுகிறது. அந்தப் பசையில் கருமை கலந்திருப்பார்கள். விளக்குக்கு எதிரே பிடித்தாலும் மறுபக்கத்தில் இருக்கும் எண் தெரியாமல் இருப்பதற்காகவே இந்த ஏற்பாடு. எனவே, வெள்ளையாகத் தெரியும் நல்ல சீட்டின் வயிற்றிலும் ஒரு கறுப்புக் கோடு உண்டு. மேற்பரப்பில் மெல்லிய பூச்சு பூசி, நெசவுத் துணி போன்ற சிறு குழிகளை அழுத்திப் பதிப்பார்கள். குழிகளில் தங்கும் காற்று, சீட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் செல்ல உதவுகிறது.

அடுக்கி ஒட்டி, மேலே பூச்சிடும் இந்த முறை நம்மவர்க்குப் புதியதும் அன்று. இந்தியாவின் பழைய சீட்டு வகை கஞ்சிஃபா. ஒடிசாவின் ரகுராஜ்பூர் கிராமத்துக் கைவினைஞர்கள், துணியைப் புளியங்கொட்டைப் பசையால் அடுக்கி ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, வட்டமாக வெட்டி, வண்ணம் தீட்டி, அரக்குப் பூச்சுக் கொடுத்து அவ்வகைச் சீட்டுகளைச் செய்துவந்தனர். ஈரத்தையும் விரல் வியர்வையையும் தடுக்கும் வேலையை அங்கே அரக்குச் செய்தது. இன்றைய தாள் சீட்டில் அதே வேலையை மேற்பூச்சுச் செய்கிறது.

ஆனால் பூச்சு இருப்பது முன்னும் பின்னும் மட்டுமே. வெட்டப்பட்ட நான்கு ஓரங்களிலும் தாள் திறந்தே கிடக்கிறது. பினாங்கு போன்ற தீவில், காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். தாளின் நார்கள் அந்த ஈரத்தை ஓரத்தின் வழியே உறிஞ்சிப் பருக்கும். குளிர்சாதன அறைக்குள் கொண்டு சென்றால் உலர்ந்து சுருங்கும். பருத்தும் சுருங்கியும் வரும்போது சீட்டு வளைகிறது; நடுப்பசை விட்டு, மூலை இரண்டாகப் பிரிகிறது. மழைக்காலத்தில் மூடிய அலமாரியில் கிடந்தால் பூஞ்சணமும் பிடிக்கும். தாள் சீட்டில் நாள்தோறும் ஆடினால், அது சில வாரங்களில் களைத்துப்போவதற்கு இதுவே காரணம்.

பிளாஸ்டிக் என்றால் எந்தப் பிளாஸ்டிக்?

பிளாஸ்டிக் சீட்டு என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. முதல் வகை, மேலே பிளாஸ்டிக் பூச்சு மட்டும் கொண்ட தாள் சீட்டு. இதன் உள்ளிருப்பது தாளே. மேலே தண்ணீர் சிந்தினால் துடைத்துவிடலாம். ஓரத்தில் இறங்கினால் ஊறிவிடும்.

இரண்டாவது, பிவிசி எனப்படும் பாலிவினைல் குளோரைடு. வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் அதே குடும்பத்துப் பொருள். இன்று கறுப்புக் கட்டுகளில் அதிகம் காணப்படுவது இதுதான். நீரை உறிஞ்சாது, எளிதில் கிழியாது, கழுவிக்கொள்ளலாம். மூன்றாவது, செல்லுலோஸ் அசிட்டேட். மரக்கூழ் அல்லது பஞ்சிலிருந்து பெறப்படும் இப்பொருளைக் கொண்டு 1930களில் அமெரிக்காவில் கெம் நிறுவனம் சீட்டுகளைத் தயாரித்தது. இது வளைத்தாலும் நிமிர்ந்துகொள்ளும், கையில் பிடிக்கும்போது தாளைப் போன்ற உணர்வு தரும், விலையும் கூடுதல்.

முழுப் பிளாஸ்டிக் சீட்டு, தாள் சீட்டைவிடப் பல மடங்கு காலம் நிற்கும். இருந்தாலும் அதற்கும் பலவீனங்கள் உண்டு. புதிதாக இருக்கும்போது அதிகம் வழுக்கும். அடுக்கி வைத்தால் சரிந்து விழும். ஒருமுறை நடுவில் மடித்துவிட்டால், அந்தத் தழும்பு போகாது.

கறுப்பு எங்கே இருக்கிறது?

பினாங்கின் பாபா நோன்யா குடும்பங்கள் ஆடிவந்த செக்கிச் சீட்டுகளில், வெளிறிய அட்டையில் கறுப்பு மையால் உருவங்கள் அச்சிடப்பட்டிருக்கும். மை தேய்ந்தால் உருவம் மங்கும், அவ்வளவுதான். இன்றைய கறுப்புக் கட்டில் நிலைமை தலைகீழ். இங்கே சீட்டு முழுவதையும் மை மூடியிருக்கிறது. மை எங்கே உதிர்ந்தாலும் அடியில் இருக்கும் வெள்ளை வெளியே தெரிந்துவிடும்.

சீட்டைக் கலைக்கும்போது அதிகம் அடிபடுவது ஓரங்களும் மூலைகளும்தான். வெள்ளைச் சீட்டில் கண்ணுக்குத் தெரியாத சிறு தேய்மானம், கறுப்புச் சீட்டில் பளிச்சென்று வெண்புள்ளியாகத் தெரியும். இது அழகுப் பிரச்சினை மட்டும் அன்று. ஸ்பேட் ஏஸின் முதுகில் ஒரு வெண்புள்ளி விழுந்துவிட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவர் கவிழ்த்து வைத்த சீட்டையே அடையாளம் கண்டுகொள்வார். அதன் பிறகு அந்தக் கட்டில் நியாயமான ஆட்டம் கிடையாது.

இதற்கு மாறாக, சில கட்டுகளில் பிளாஸ்டிக் தகட்டிலேயே கறுப்பு நிறம் கலந்திருக்கும். இந்தக் கருமைக்குப் பெரும்பாலும் பயன்படுவது கார்பன் கறுப்பு எனப்படும் நுண்ணிய கரித்தூள். தோட்டத்து மக்களுக்கு இது அறிமுகமான பொருளே. பால் மரத்திலிருந்து வெள்ளையாக இறங்கும் ரப்பர், வாகன டயர் ஆகும்போது கறுப்பாவதும் உறுதி பெறுவதும் இதே கரித்தூளால்தான். உள்ளும் புறமும் கறுப்பாக உள்ள சீட்டில் ஓரம் தேய்ந்தாலும் வெள்ளை தெரியாது.

பொன் எழுத்துகளைப் பொறுத்தவரை, 'தங்கம்' என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி வாங்க வேண்டியதில்லை. இத்தகைய மினுமினுப்புக்கு வழக்கமாகப் பயன்படுவது, பொன்னிறமூட்டிய மெல்லிய அலுமினியப் படலம். சூடான அச்சால் ஒட்டப்படும் அந்தப் படலம், விரல் படும் இடங்களில் முதலில் உரியும்.

நான்கு இனங்களுமே ஒரே பொன்னிறத்தில் அச்சிடப்பட்ட கட்டுகளும் உள்ளன. சிவப்பா கறுப்பா என்பதை வைத்து இனம் பிரிக்கப் பழகிய கண்ணுக்கு, மங்கிய விளக்கில் ஆட்டினும் ஸ்பேடும் ஒன்றுபோல் தெரியும். தாத்தா பாட்டி உடன் ஆடும் வீட்டில், சிவப்பு இனங்கள் சிவப்பாகவே பெரிய எழுத்தில் இருக்கும் கட்டே உதவும்.

வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

திறந்து காட்டப்பட்ட மாதிரிக் கட்டு கடையில் இருந்தால், சீட்டுகளை அடுக்கிப் பிடித்து ஓரத்தைப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். ஓரம் முழுக்கக் கறுப்பாக இருந்தால் நிறம் உள்ளே கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓரத்துக்கு மட்டும் சாயம் பூசும் வழக்கமும் உண்டு. நகத்தால் மெதுவாகச் சுரண்டினால் அது தெரிந்துவிடும். வெள்ளை ஓரம் என்றால் மேலே இருப்பது மை மட்டுமே.

உள்ளே தாளா பிளாஸ்டிக்கா என்பதை அறியவும் எளிய வழி உண்டு. கட்டில் இருக்கும் உபரிச் சீட்டு அல்லது ஜோக்கர் ஒன்றை இரவு முழுதும் தண்ணீரில் போட்டு வைக்கலாம். காலையில் ஓரம் ஊறிப் பிரிந்திருந்தால் உள்ளே இருப்பது தாள். துடைத்ததும் பழையபடி இருந்தால் அது முழுப் பிளாஸ்டிக்.

முறுக்கும் கையுமாக ஆடும் வீட்டில் எண்ணெய்க் கறை கறுப்பில் நன்றாகவே தெரியும். பிளாஸ்டிக் சீட்டை, வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கலந்து நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்த்தினால் போதும். தின்னர், நகப்பூச்சு நீக்கும் திரவம் ஆகியவை மையையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். தாள் சீட்டை உலர்ந்த துணியால் மட்டுமே துடைக்க வேண்டும்.

காரில் விட்டுச் செல்வது இன்னொரு தவறு. பிவிசி, வெப்பம் 80 பாகை செல்சியசை நெருங்கும்போது இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் காரின் முன்பலகை மிகக் கடுமையாகச் சூடேறும். கறுப்பு நிறம் வெப்பத்தை மேலும் ஈர்க்கும். ஒருமுறை நெளிந்த கட்டை மீண்டும் நேராக்குவது கடினம்.

பெட்டியில் பொய் இருந்தால்

தாள் சீட்டை 'நூறு விழுக்காடு பிளாஸ்டிக்' என்று விற்பது, சில ரிங்கிட் விவகாரம்தானே என்று விட்டுவிடக்கூடியது அன்று. பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தந்து விற்பதை, மலேசியாவின் 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டம் குற்றமாகக் கருதுகிறது. இணையத்தில் வாங்குவோர், விற்பனைப் பக்கத்தின் விவரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பொருளைத் திருப்பி அனுப்பவும் உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் செய்யவும் அது சான்றாகும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், வழக்கறிஞர் இல்லாமலே குறைந்த கட்டணத்தில் கோரிக்கை தாக்கல் செய்யவும் வழியுண்டு.

கடைசியாக, பழசாகிப்போன பிவிசி கட்டைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தக் கூடாது. அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்ற எரிச்சலூட்டும் வாயு வெளியேறும். டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்களும் உருவாகலாம். திறந்தவெளியில் குப்பை எரிப்பதை 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டமும் தடை செய்கிறது. ஒன்றிரண்டு சீட்டு தொலைந்த கட்டாக இருந்தாலும், பிள்ளைகள் எண் பழகவும், புத்தகத்தில் அடையாளம் வைக்கவும், மேசைக் காலுக்கு முட்டுக் கொடுக்கவும் அது இன்னும் பல ஆண்டு உழைக்கும்.