முதல் மழை அடித்துச் செல்வது

ரயில்வேயில் பொறியாளராக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, இப்போது ஜீடிமெட்லாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். படித்தது டிப்ளமோதான். ஆகவே பெரிய விஞ்ஞானம் எதுவும் எழுதப் போவதில்லை.

நம்மவர்கள் நாலு பேர் கூடினால், "ஏரி கெட்டதற்கு இந்த ஃபாக்டரிகள்தான் காரணம்" என்று பேச்சு வரும். அது உண்மைதான்; ஆனால் முழு உண்மையல்ல.

ஃபாக்டரிக் கழிவு குழாய் வழியாக வருகிறது. குழாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் தடுக்கலாம், சுத்திகரிக்கலாம். 1980-களின் இறுதியிலேயே இங்கு பல தொழிற்சாலைகளுக்கும் பொதுவாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் ஏற்பட்டது. டாங்கர்களில் கழிவைக் கொண்டு வந்து அங்கே சுத்தம் செய்தார்கள்.

ரயில்பாதையில் கோளாறு என்றால் இத்தனையாவது கிலோமீட்டர் என்று சொல்லிவிடுவோம். குழாய்க் கழிவுக்கும் அப்படி ஒரு விலாசம் உண்டு. விலாசமே இல்லாத மாசும் ஒன்று உண்டு. லாரியிலிருந்து சொட்டிய எண்ணெய், டயரும் பிரேக்கும் தேய்ந்த தூள், திறந்த வெளியில் கிடக்கும் டிரம்கள், குப்பை, நாய் அசுத்தம் எல்லாம் கோடை முழுவதும் தெருவில் சேர்கின்றன. ஜூன் மாத மழை வந்ததும் எல்லாம் ஒரே நாளில் கிளம்பிவிடும். முதல் மழைத் தண்ணீர்தான் மிகவும் அழுக்கு.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஹெக்டேர் சிமெண்டுத் தரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லட்சம் லிட்டர், அதாவது பத்தாயிரம் லிட்டர் டாங்கர் பத்து! மண் தரையாக இருந்தால் ஒரு பங்கை உறிஞ்சிக் கொள்ளும். சிமெண்டு அப்படியே விரட்டிவிடும்.

அந்தத் தண்ணீர் கூகட்பள்ளி நாலா வழியாக, 16-ஆம் நூற்றாண்டில் வெட்டிய ஹுசேன் சாகரில் சேர்கிறது. அங்கிருந்து மூசி நதிக்குப் போகிறது. அழுக்கைக் கிருமிகள் தின்னும்போது தண்ணீரில் கரைந்த பிராணவாயு குறைந்து மீன் சாகிறது. உலோகத் தூள் சேற்றில் தங்குகிறது. மூசித் தண்ணீரில் கீரையும் மாட்டுப் புல்லும் பயிராகின்றன. கீரையாகவும் பாலாகவும் அது நம் சமையலறைக்கே திரும்பி வரலாம்.

அமெரிக்காவில் 1972-இல் சட்டம் போட்டுக் குழாய்களைக் கட்டுப்படுத்தினார்கள். அது போதவில்லை என்று கண்டு, 1987-இல் மழைநீரோடு வரும் மாசையும் சட்டத்தில் சேர்த்தார்கள்.

நானும் குற்றவாளிதான். பல வருடங்கள் ஸ்கூட்டரின் பழைய எண்ணெயை வாசல் சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன். கொஞ்சம்தானே என்று நினைத்தேன். என்னைப் போல் ஊரில் எத்தனை ஸ்கூட்டர்! 2020 அக்டோபரில் இங்குள்ள ஃபாக்ஸ் சாகர் ஏரி நிரம்பிப் பக்கத்துக் காலனி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோதுதான், தெருவில் விடுவது வீட்டுக்குள்ளும் வரும் என்று உறைத்தது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பழைய எண்ணெயை மெக்கானிக்கிடமே விட்டு விடுங்கள். வண்டியைத் தெருவில் கழுவாமல் மண் தரையில் கழுவுங்கள். மழைக்கு முன் வாசலைக் கூட்டி, குப்பையைச் சாக்கடையில் தள்ளாமல் அள்ளிப் போடுங்கள். மழைநீர்க் குழி வைத்திருப்போர் முதல் மழையை வெளியே விட்டு, பிறகு கூரைத் தண்ணீரை மட்டும் குழிக்குள் விடுங்கள். தெருத் தண்ணீரை விட்டால் நம் போர்வெல்லையே நாம் கெடுத்துக் கொள்வோம்.

பிழைக்க வந்த ஊர் இது. நம் பேரப்பிள்ளைகளுக்கு இதுவே சொந்த ஊர். இந்த ஊர்த் தண்ணீரைக் காப்பதில் நமக்கும் பங்கு உண்டு.