ஏமாற்றுவோர் நடுவே இருவர் போதும்

தன் நலம் ஒன்றையே தேடும் உயிர்களிடையே ஒத்துழைப்பு எப்படி வேர்விட்டது? பரிணாமவியலாளர்களை நெடுநாள் உறுத்திய இந்தக் கேள்விக்கு ஒரு கணினிப் போட்டி வழிகாட்டியது. அதை நடத்தியவர் அமெரிக்க அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்சல்ராட். முடிவுகள் 1980-ல் வெளியாயின.

ஆட்டம் எளிது. ஒவ்வொரு சுற்றிலும் இருவர், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல், ஒத்துழைக்கலாம் அல்லது ஏமாற்றலாம். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி. இருவரும் ஏமாற்றினால் ஆளுக்கு 1. ஒருவர் மட்டும் ஏமாற்றினால் அவருக்கு 5, ஏமாந்தவருக்குப் பூஜ்யம். ஒரே சுற்று என்றால், எதிராளி எதைச் செய்தாலும் ஏமாற்றுவதுதான் லாபம். ஆக்சல்ராட் 200 சுற்றுகள் ஆடவைத்தார்.

நிபுணர்கள் 14 நிரல்களை அனுப்பினார்கள். வென்றது இருப்பதிலேயே சிறிய நிரல்: அனடோல் ராபபோர்ட் அனுப்பிய 'பதிலுக்குப் பதில்'. முதல் சுற்றில் அது ஒத்துழைக்கும். அடுத்தடுத்த சுற்றுகளில், எதிராளி முந்தைய சுற்றில் செய்ததையே திருப்பிச் செய்யும். இந்த முடிவைத் தெரிந்துகொண்டே இரண்டாம் போட்டிக்கு 62 நிரல்கள் வந்தன. அதிலும் அதுவே வென்றது.

இத்தனைக்கும் இந்த உத்தியால், நேருக்கு நேர் ஆட்டத்தில், எந்த எதிராளியையும் விட ஒரு புள்ளிகூட அதிகம் எடுக்க முடியாது. பிறகு எப்படி ஜெயித்தது? நூறு பேர் கொண்ட கூட்டத்தில் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருடனும் 200 சுற்று ஆடுவதாகக் கொள்வோம். எப்போதும் ஏமாற்றுவோர் இருவர் மோதினால் ஆளுக்கு 200. ஏமாற்றுபவர் 'பதிலுக்குப் பதில்' ஆடுபவரைச் சந்தித்தால் அவருக்கு 204, இவருக்கு 199. ஆகவே, 99 ஏமாற்றுக்காரர்கள் நடுவே இவர் ஒருவர் மட்டும் என்றால் 19,701 புள்ளி. அவர்களுக்கோ ஆளுக்கு 19,804. தனி மரம் தோப்பாகாது.

ஆனால் அப்படிப்பட்டவர் இருவர் இருந்தால்? அவர்கள் ஒருவரோடொருவர் ஆடும்போது ஆளுக்கு 600 கிடைக்கிறது. மொத்தம் 20,102, ஏமாற்றுவோருக்கு 19,808. அதிகப் புள்ளி எடுப்பவர்களுக்கே சந்ததி அதிகம் என்பது பரிணாமக் கணக்கு. தலைமுறை தோறும் ஒத்துழைப்போர் பெருகுவார்கள். பெருகிய பின், உள்ளே நுழையும் ஒற்றை ஏமாற்றுக்காரரால் அவர்களை அசைக்க முடியாது.

இந்த உத்திக்கு ஒரு பலவீனம் உண்டு. இதை ஆடும் இருவரில் ஒருவர் கைதவறி ஒருமுறை ஏமாற்றிவிட்டால், இருவரும் மாறி மாறிப் பழிதீர்த்துக்கொண்டே இருப்பார்கள். தவறு நேரக்கூடிய உலகில், அவ்வப்போது மன்னித்துவிடும் தாராளமான உத்தியே மேல் என்று மார்ட்டின் நோவக்கும் கார்ல் சிக்மண்டும் 1992-ல் காட்டினார்கள்.

ஒத்துழைப்பு இப்படி வேர்விடத் தியாகமோ தலைவனோ ஒப்பந்தமோ தேவையில்லை. மீண்டும் சந்திப்போம் என்ற நிலையும், போனமுறை நடந்தது நினைவில் இருப்பதும் வேண்டும். முகம் தெரியாத ஒருநாள் உறவுகளில் மோசடி மலிவதற்கு இவை இல்லாததும் ஒரு காரணம்.

ஊரே ஏமாற்றும்போது நான் மட்டும் நேர்மையாக இருந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு பதில் சொல்கிறது. தனியாக நின்றால் நஷ்டம்தான். உங்களைப் போல் இன்னொருவரைத் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.